எலக்ட்ரான் மெதுவானா மின்தடை கூடத்தானே வேணும்?

அடுத்த சந்தேகம். போன வீடியோ பார்த்துட்டு ஒருத்தர் கேட்டிருக்காரு: "கிராஃபீன்ல எலக்ட்ரான் பயங்கர வேகமா ஓடும்னீங்க. ரெண்டு அடுக்கைத் திருப்பி வெச்சா மெதுவாகி, சூப்பர் கண்டக்டர் ஆயிடும்னும் சொன்னீங்க. மெதுவானா தடை கூடத்தானே வேணும்?" நியாயமான கேள்விங்க. (கிராஃபீன்னா ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்கற கார்பன் தாள். சூப்பர் கண்டக்டர்னா துளித் தடையும் இல்லாம மின்சாரத்தைக் கடத்துற பொருள்.) அந்த இடத்தை நான்தான் அவசரமா தாண்டிட்டேன்.

எலக்ட்ரானோட உந்தம் (மொமெண்டம்) ஒரு அச்சுல, ஆற்றல் இன்னொரு அச்சுலன்னு படம் வரைஞ்சா, அதான் ஆற்றல் பட்டை. சிலிக்கான்ல மேல ஒரு கிண்ணம், கீழ ஒரு கவிழ்த்த கிண்ணம், நடுவுல 1.1 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கற அலகு) இடைவெளி. கிராஃபீன்ல கிண்ணமே கிடையாது. ரெண்டு கூம்பு, முனையோட முனை ஒட்டிக்கிட்டு, அப்படியே உடுக்கை மாதிரி. வாலஸ்ங்கிற இயற்பியலாளர் 1947லயே இதைக் கணக்குப் போட்டுட்டாரு. இந்தப் படத்துல சரிவுதான் வேகம். கூம்பை எங்க தொட்டாலும் ஒரே சரிவு, அதனால முனைக்கிட்ட எல்லா எலக்ட்ரானுக்கும் ஒரே வேகம்: நொடிக்கு சுமார் 1,000 கிலோமீட்டர்.

இப்ப ரெண்டு அடுக்கு. கொசுவலையை ரெண்டா மடிச்சு வெளிச்சத்துல பிடிச்சு லேசா திருப்புங்க. கண்ணிகளை விடப் பெரிசா ஒரு அலை டிசைன் தெரியும். கிராஃபீனை 1.1 டிகிரி திருப்பினா அந்த டிசைனோட அளவு சுமார் 13 நானோமீட்டர். பக்கத்துப் பக்கத்து கார்பன் அணுக்களுக்கு நடுவுல 0.14தான், பாத்துக்கோங்க. மேல் அடுக்கோட கூம்பும் கீழ் அடுக்கோட கூம்பும் வெட்டிக்கிற இடத்துல ஒண்ணை ஒண்ணு தள்ளி, முனைக்கிட்ட பட்டை கிட்டத்தட்ட தட்டையாயிடுது. சரிவு போச்சு, வேகமும் போச்சு. 2011ல பிஸ்ட்ரிட்சர், மெக்டொனால்டுங்கிற ரெண்டு இயற்பியலாளர்கள் இந்தக் கோணத்தைக் கணக்குல காட்டுனாங்க.

சரி, தடைக்கு வருவோம். தடைங்கிறது மெதுவா போறதால மட்டும் வர்றது இல்லைங்க, மோதிச் சிதறுறதுதான் அதுக்கு மூலம். வேகமா ஓடுற வரைக்கும் எலக்ட்ரான் பக்கத்துல இருக்கறதைப் பெரிசா கண்டுக்காது. தட்டைப் பட்டையில எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஏகப்பட்ட நிலைகள் ஒரே ஆற்றல்ல நெருக்கியடிச்சு நிக்குது. அங்க எலக்ட்ரான்கள் ஒண்ணை ஒண்ணு பாதிக்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. அந்த நிலைகளை ஒரு அளவுக்கு எலக்ட்ரானால நிரப்பினா ஒண்ணை ஒண்ணு மறிச்சு மின்காப்பாவே ஆயிடும். உங்க சந்தேகம் அங்க பலிக்குது! எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கொஞ்சம் மாத்தினா ஜோடி சேர்ந்து, சிதறாம போகுது. 2018ல எம்ஐடியில ஹரில்லோ-ஹெர்ரேரோ குழு இதை 1.7 கெல்வின் (சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) வரைக்கும் பார்த்தாங்க. எது ஜோடி சேர்க்குதுன்னு சண்டை இன்னும் ஓயல.

எனக்குப் பிடிச்சது என்னன்னா, எண்ணிக்கையை மாத்த வேற எதையும் கலக்க வேண்டாம். கீழ இருக்கற கேட்ல (எலக்ட்ரானை உள்ள இழுக்கவும் வெளிய தள்ளவும் வெச்ச மின்முனை) வோல்டேஜைத் திருகினா போதும், அதே துண்டு மின்காப்புல இருந்து சூப்பர் கண்டக்டருக்குப் போயிடும்.