அடுத்த பாகம் எப்போது வர வேண்டும்?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதி, மாலை. கடைவரிசையில் ஒரு சிறிய வீடியோ கேம் கடை.]

வணக்கம். எங்கள் ஊர்க் கடை இது. முன்பக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய கேம்கள் இருக்கும். பின்சுவர் அலமாரியில் கைமாறி வந்த பழையவை. தோட்டத்துப் பிள்ளைகள் நேரே பின்சுவருக்குத்தான் போவார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று இருக்கும் நாட்டில், புதிய கேம் ஒன்று சில நாள் கூலியை விழுங்கிவிடும்.

சென்ற மாதம் ஒரு பையன் பள்ளிச் சீருடையோடு வந்து, "மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்" பெட்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் தேய்ந்த சிவப்புப் பெட்டி. உள்ளே கட்டைவிரல் நகத்தளவு கார்ட்ரிட்ஜ், விளையாட்டு அடங்கிய அட்டை.

"அண்ணே, இதை இப்போது வாங்கினால் உடனே அடுத்தது வந்துவிடாதே?"

"அடுத்தது வந்துவிட்டது, தம்பி. உன் வீட்டு மெஷினில் அது ஓடாது," என்றேன்.

அவன் பெட்டியை மூடினான். ஆனால் அலமாரியில் வைக்கவில்லை.

புகழ்பெற்ற கேமின் அடுத்த பாகத்தை எப்போது வெளியிட வேண்டும் என்று கன்சோல், அதாவது விளையாட்டு மெஷின், செய்யும் நிறுவனங்கள் எப்படி முடிவு செய்கின்றன? முந்தையது வந்து எத்தனை ஆண்டாகிவிட்டது என்றுதான் ரசிகர்கள் விரல்விட்டு எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது வேறு: பழையதைக் கீழே வைக்க, விளையாடுபவருக்குக் காரணம் பிறந்துவிட்டதா?

[காட்சி: 2014, 2017, 2025 என்று மூன்று பெட்டிகள் வரிசையாக.]

மாரியோ கார்ட்டையே எடுத்துக்கொள்வோம். 1992-இல் தொடங்கிய பந்தய விளையாட்டுத் தொடர். நிண்டெண்டோவின் வீட்டுக் கன்சோல்களில், மெஷினுக்கு ஒன்று என்பதே வழக்கம். எட்டாவது பாகம் 2014-இல் வீ யூ கன்சோலுக்கு வந்தது. பாவம், அந்த மெஷினை வாங்க ஆளில்லை. மொத்தமே 1 கோடியே 35 லட்சம் அளவில்தான் விற்றது. நல்ல விளையாட்டு ஆளில்லாத வீட்டில் பிறந்துவிட்டது. நிண்டெண்டோ அவசரப்பட்டு ஒன்பதாவதைச் செய்யவில்லை. 2017 ஏப்ரலில் அதே எட்டாவதை மெருகேற்றி, டீலக்ஸ் என்ற பெயரில் தன் அடுத்த மெஷினான சுவிட்சுக்குக் கொண்டுவந்தது. அது 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. விற்ற சுவிட்சுகளோடு ஒப்பிட்டால் பத்துக்கு நான்கு என்ற விகிதம். புதிதாக சுவிட்ச் வாங்கியவர்களில் எத்தனையோ பேர், கூடவே இதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

2020-இல் ஒன்பதாவது பாகம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் காய்ப்பைத் தானே வெட்டிய கதைதான். அதற்குப் பதிலாக 2022, 2023 ஆண்டுகளில் ஆறு தவணைகளாக 48 பந்தயப் பாதைகளைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே இருந்த 48-உடன் 96 ஆயிற்று. காசு கொடுத்துத்தான் அவற்றை வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் கையிலிருந்த கார்ட்ரிட்ஜுக்குப் புதுவயது வந்தது. அடுத்த பாகமான "மாரியோ கார்ட் வேர்ல்ட்" 2025 ஜூன் 5 அன்று, சுவிட்ச் 2 கடைக்கு வந்த அதே நாளில் வந்தது. புதிய மெஷினை வாங்க வைக்கும் காரணமாகவே அதை எடுத்துவைத்திருந்தார்கள். முதல் நாளில் கடைக்கு ஆளை இழுக்க, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடும் விளையாட்டைவிடச் சிறந்தது எது?

[காட்சி: பால்மரம், அதாவது ரப்பர் மரம். பட்டையில் சரிந்து இறங்கும் வெட்டு. கீழே பால் சேரும் மங்கு.]

என் அம்மா பால் வெட்டியவர். ஒருநாள் வெட்டிய மரத்தை மறுநாள் தொடமாட்டார். பட்டையை மெல்லிய சீவலாகத்தான் எடுப்பார். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வளராது, முடிச்சு முடிச்சாகிவிடும். 2012-ஐ நினைக்கும்போது எனக்கு அந்த முடிச்சுதான் கண்ணில் வருகிறது. அந்த ஒரே ஆண்டில், சில மாத இடைவெளியில், "நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2" கையடக்கக் கன்சோலுக்கும் "நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூ" வீ யூவுக்கும் வந்தன. இரண்டும் கெட்ட விளையாட்டுகள் இல்லை. ஆனால் அதே மேகம், அதே இசைச் சாயல், பக்கவாட்டில் அதே ஓட்டம். எனக்குச் சலித்துவிட்டது, பலரும் அப்படியே சொன்னார்கள். அந்தப் பக்கவாட்டு ஓட்டத்துக்கு முற்றிலும் புதிய முகம் கிடைத்தது 2023 அக்டோபரில், "சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்" வந்தபோதுதான். முதல் இரண்டு வாரத்தில் 43 லட்சம் பிரதிகள் விற்றன. மரத்துக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

[காட்சி: பிளேஸ்டேஷன் 3, பக்கத்தில் பிளேஸ்டேஷன் 4.]

அடுத்து, எனக்கே மனம் இரண்டாகப் பிரியும் இடம். சோனியின் கார் பந்தய விளையாட்டான "கிரான் டூரிஸ்மோ 6" 2013 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பரில், பிளேஸ்டேஷன் 4 விற்பனைக்கு வந்துவிட்டது. காசுள்ளவர் கண்ணெல்லாம் புதியதன்மேல். ஐந்தாவது பாகம் 1 கோடிக்கு மேல் விற்றிருந்தது. ஆறாவது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வியாபாரக் கணக்கில் இது காலம் தவறிய வெளியீடு.

ஆனால் தோட்டத்து வீட்டிலிருந்து பாருங்கள். எங்கள் பக்கம் மெஷின் எப்போதும் பிந்தித்தான் வரும்: அண்ணனின் முதல் சம்பளத்தில், அல்லது பட்டணத்தில் வேலை செய்யும் சித்தப்பா புதியது வாங்கியபின் கொடுத்துவிடும் பழையதாக. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறாவது பாகம் ஒரு கொடை. அதனால்தான், இரண்டு மெஷினுக்கும் சேர்த்து வெளியிடும் முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். செல்டா தொடரின் "பிரெத் ஆஃப் தி வைல்ட்" 2017 மார்ச் 3 அன்று வீ யூவுக்கும் சுவிட்சுக்கும் ஒன்றாக வந்தது. "கிரான் டூரிஸ்மோ 7" 2022-இல் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுக்கும் வந்தது. புதியதை வாங்கவைக்கும் வலு கொஞ்சம் குறையும், உண்மைதான். பழைய மெஷின் வைத்திருப்பவரின் நம்பிக்கை மிஞ்சும்.

தயாராகாத விளையாட்டைத் தேதிக்காகத் தள்ளிவிடவும் கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் "ஹேலோ இன்ஃபினிட்" 2020 நவம்பரில் புதிய எக்ஸ்பாக்ஸோடு வர வேண்டியது. ஜூலையில் காட்டியபோது கண்டனம் கிளம்பியது. 2021 டிசம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். முக்கிய விளையாட்டு இல்லாமல் மெஷின் பிறந்தது வருத்தம்தான். இருந்தும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

அறிவிக்கும் நாளும் வெளியிடும் நாளைப் போலவே முக்கியம். நிண்டெண்டோவின் "மெட்ராய்டு பிரைம் 4" 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2019 தொடக்கத்தில், வேலையை முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார்கள். கைக்கு வந்தது 2025 டிசம்பரில். அதே தொடரின் "மெட்ராய்டு டிரெட்" 2021 ஜூனில் அறிவிக்கப்பட்டு அக்டோபரிலேயே வந்துவிட்டது. பிள்ளைகளை எட்டு ஆண்டு வாசலில் நிற்க வைப்பதற்கும் நான்கு மாதம் ஆவலோடு வைத்திருப்பதற்கும் எத்தனை வித்தியாசம்!

[காட்சி: மீண்டும் கடை. பின்சுவர் அலமாரி.]

அந்தப் பையனிடம் நான் 96 பாதைகளைப் பற்றிச் சொன்னேன். பாதி கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது, மீதியைத் தனியாக வாங்க வேண்டும் என்றேன். "பாதியே 48-ஆ?" என்றான். வீட்டில் அக்காவும் தம்பியும் இருக்கிறார்களாம். ஒரே மெஷினில் நான்கு பேர் ஆடலாமா என்று கேட்டான். ஆடலாம் என்றேன். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுகளை எடுத்து, கடைக்காரரின் மேசைமேல் ஒவ்வொன்றாக நீவி வைத்தான்.