பெருவிரலை வரைபடத்தில் வையுங்கோ, மாமா

அவைத்தலைவர் அவர்களே, ஒஸ்லோ மாநகரசபையிலிருந்து வந்து, தமிழ் ஒரு சொல்லும் விளங்காமலே இரண்டு மணித்தியாலமாகப் புன்சிரிப்போடு முன்வரிசையில் இருக்கும் அம்மையார் அவர்களே, தமிழ்ப்பள்ளி அதிபர் அவர்களே, ஆசிரியைமாரே, நான் எப்ப முடிப்பேன் என்று குசினி வாசலில் நின்று பார்க்கும் ரோல்ஸ் பொரிக்கும் சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம். அதிபரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனமில்லை. பனி கொட்டுகிற சனிக்கிழமையிலும் திறப்போடு முதல் ஆளாக வாசலில் நிற்கிற மனுசன். கைதட்டுங்கோ.

பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மூன்று விடயம் சொல்லப் போகிறேன். ஓரியன்டீரிங் என்றால் என்ன, அதைப் பழக்குகிற கோடைகால வேலையால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது, சம்பளமும் வரியும் எப்படி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று வீட்டில் மனுசி புறுபுறுப்பா. இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன்.

ஓரியன்டீரிங்குக்கு ஒரு வரைபடமும் திசைகாட்டியும் போதும். காட்டுக்குள்ளே செம்மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னத் துணிக்கொடிகள் தொங்கும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வழியால் போகிறாய் என்பது உன் பாடு. 1897இல் எங்கள் ஒஸ்லோவின் நூர்மார்க்கா காட்டில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. ஓடினவர்கள் எட்டுப் பேர். பிறகு 1919இல் ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற சுவீடன் சாரணர் தலைவர் ஸ்டொக்ஹோமுக்குப் பக்கத்தில் 200 பேருக்கு மேலே ஓடவிட்டார், "ஓரியன்டீரிங்கின் தந்தை" என்ற பெயரும் அவருக்கே போய்விட்டது. தொடங்கினது நோர்வே, பெயர் சுவீடனுக்கு! இதை யாராவது அம்மையாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவா.

யூனில் பள்ளிக்கூடம் மூடினால் எட்டுக் கிழமை விடுமுறை. சில கழகங்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பகல் முகாம் நடத்தி, 15, 16 வயதுக்காரரைச் சம்பளத்துக்குப் பழக்குநராக எடுக்கும். போன வருசம் எங்கள் மாடியில் குடியிருக்கும் பிள்ளை ஒருத்தி அந்த வேலைக்குப் போனா. 16 வயது. தகப்பனுக்கு விருப்பமில்லை. "நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொங்ஸ்வான் ஏரிக்கரைக்கு மெட்ரோ ஏறினேன்.

நான் இந்த நகரத்தில் 22 வருசம் பேருந்து ஓட்டினவன். எனக்கு வழியா தெரியாது? "எனக்கும் ஒரு வரைபடம் தா பிள்ளை" என்றேன். தந்தா. திசைகாட்டியும் தந்து ஏதோ சொல்ல வந்தா. நான் கேட்க நிற்கவில்லை.

வெள்ளையாக இருந்த இடமெல்லாம் வெளி, மரம் இல்லை என்று நினைத்து நடந்தேன். போகப் போக மரம்! ஓரியன்டீரிங் வரைபடத்தில் வெள்ளை என்றால் தாராளமாக ஓடக்கூடிய காடு, வெட்டவெளிதான் மஞ்சள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஓரிடத்தில் கிடையாக நீலக்கோடுகள் இருந்தன. அச்சுப்பிழையாக்கும் என்று நினைத்தேன். அது சதுப்பு நிலம். வலது கால் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது, சப்பாத்து உள்ளே, நான் வெளியே. எட்டு வயது நோர்வேஜியப் பொடியன் ஒருவன் பக்கத்தால் ஓடிப்போனான், "ஹாய்" என்று கையும் காட்டினான்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவ என்னைத் தேடி வந்தா. சிரிக்கவில்லை, பிள்ளையின் பண்பு அது. "மாமா, முதலில் படத்தைத் திருப்புங்கோ. திசைகாட்டி ஊசி வடக்குக் காட்டுது, படத்தில் இருக்கிற வடக்குக் கோடுகளும் அந்தப் பக்கம் வரவேணும். இப்ப நிற்கிற இடத்தில் பெருவிரலை வையுங்கோ. நடக்க நடக்க விரலும் நகரவேணும்." ஏழு சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, நான் விரலை வைத்தேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, கண்டியோ" என்றேன், விட்டுக்கொடுக்காமல். "ஏட்டைச் சரியாப் பிடிச்சால்தானே மாமா சுரைக்காய்த் தோட்டம் கண்டுபிடிக்கலாம்" என்றா. அந்தத் தமிழும் இந்தப் பள்ளியில் படித்ததுதான்! அதிபருக்கு இன்னொருமுறை கைதட்டுங்கோ.

அன்று வீட்டுக்கு வந்து தகப்பனிடம் சொன்னேன்: பிள்ளையை விடு.

சரி, விடயத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் யூலை மாதம் முழுக்கக் கணித ரியூசன் நடக்கிறது. வெளியே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், உள்ளே திரைச்சீலை இழுத்துப் பின்னக் கணக்கு. யாரையும் குறை சொல்லவில்லை. என் மகனை ஐந்து யூலை ரியூசனுக்கு அனுப்பினவன் நான்தான். கெட்டிக்காரன், நல்ல வேலை. ஆனால் பக்கத்துத் தெருவுக்குப் போகவும் தொலைபேசிதான் அவனுக்கு "இடதுபக்கம் திரும்பு" என்று சொல்லவேணும். ஏட்டுச் சுரைக்காய்! ஆகையால் யூலை ரியூசனை நிறுத்துங்கோ என்று நிர்வாகசபையை மூன்று வருசமாகக் கேட்கிறேன், இன்று நான்காவது வருசம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் "மேடு, பள்ளம், சதுப்பு, பாறை" என்று சொல்லிக் காட்ட எங்கள் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மண்டப வாடகைக் காசில் திசைகாட்டி வாங்கலாம்.

தலைவர் மணி அடிக்கிறார். இரண்டாவது விடயம் பாதியில் நிற்கிறது. மூன்றாவதுக்கு, ஃப்ரிகோர்ட், அதாவது சின்னச் சம்பளத்தில் வரி வெட்டாமல் இருக்கிறதுக்கான அட்டை, எடுக்க மறக்காதையுங்கோ என்பதோடு விடுகிறேன். யூலை ரியூசனை நிறுத்தக் கேட்கும் கையெழுத்துப் படிவம் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனையை நூலில் கட்டிவைத்திருக்கிறேன். போன வருசம் 11 பேர் வைத்தீர்கள், அதில் இரண்டு என் வீட்டுக் கையெழுத்து. ரோல்ஸ் எடுக்கிற வரிசை அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது, நான்தான் அப்படி ஒழுங்குபடுத்தச் சொன்னேன். நன்றி, வணக்கம்.