பலகையில் என்ன எழுதுவது?

நண்பர்களே, ஆண்களின் பாலியல் நலத் திட்டத்துக்குப் புதுப்பெயர் வைக்கலாமா என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறீர்கள். வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. எந்தப் பெயர் என்பதில்தான் உங்களோடு வழக்கு இருக்கிறது.

'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லைப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவரை யாரும் குறைந்த மனிதர் என்பதில்லை. ஓர் இரத்தக் குழாய் அடைபட்டதற்கு மட்டும் ஆளையே நிறுத்துப் பார்த்து எடை குறைவு என்கிறோம். நோயின் பெயரே தீர்ப்பாக இருந்தால் எவர் வாய் திறப்பார்? ஆங்கிலத்தில் வழங்கிய 'இம்பொடன்ஸ்' என்பதற்கும் வலுவின்மை என்றே பொருள். 1992-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு அதை விட்டுவிட்டு, விறைப்புச் செயலின் கோளாறு என்று பொருள்படும் சொல்லை முன்வைத்தது. குறை, மனிதனை விட்டு இறங்கி உறுப்பின் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறே ஆண்டுகளில் அந்தக் கோளாறுக்கான மாத்திரையான வயாகரா விற்பனைக்கு வந்தது. புதுச்சொல் விளம்பரக்காரர்களுக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பது தனிக்கதை.

கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை படுக்கையறையோடு முடிவதில்லை. ஆணுறுப்புக்குச் செல்லும் தமனி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்புப் படிவு இரண்டையும் தாக்கினால் சிறிய குழாய்தான் முதலில் முறையிடும். அதனால் விறைப்புக் கோளாறு பலருக்கு மாரடைப்பின் முன்னறிவிப்பாக, சில ஆண்டுகள் முன்கூட்டியே வருகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இந்த வழியாகவே பிடிபடுவதுண்டு. வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்டவர் அந்த எச்சரிக்கையைத் தவறவிடுகிறார்.

பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. எய்ட்ஸ் நோயைத் தொடக்கத்தில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களோடு முடிச்சுப்போட்ட ஒரு பெயரால் குறித்தார்கள். 1982-இல் அது போய் எய்ட்ஸ் வந்தது. பழி போகவில்லை, புதுப்பெயரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது நீங்கள் முன்வைத்த பெயர்களின் பட்டியலுக்கு வருகிறேன். 'வீரியம்' வேண்டாம். ஆண்மையைப் புகழ்கிற பெயர் அது இல்லாதவனை இகழ்கிறது. போலி மருத்துவர்களுக்குப் பிடித்த சொல்லும் அதுவே. 'புத்தொளி' அழகாக இருக்கிறது, ஆனால் கண் மருத்துவமனை என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவார்கள். ஆண்கள் நலத்துக்காக நவம்பரில் மீசை வளர்க்கும் மோவம்பர் இயக்கம், 2003-இல் மெல்போர்னில் தொடங்கியது, மீசையை வைத்தே ஆண்களைப் பேசவைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அது ஊரைப் பேசவைக்கும் பெயர். நமக்கு வேண்டியது, பயந்தவர் ஒருவர் தயங்காமல் தள்ளித் திறக்கும் கதவின் பெயர்.

'ஆண்கள் நலப் பிரிவு' என்று எழுதுங்கள். கீழே சிறிய எழுத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீர், பாலியல் நலம் என்று வரிசையாகப் போடுங்கள். நான்கில் எதற்காக வந்தார் என்று வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. பதிவு மேசையில் "என்ன பிரச்சினை?" என்று உரக்கக் கேட்பதையும் நிறுத்த வேண்டும். உங்கள் படிவத்தைப் பார்த்தேன். முதல் கேள்வி 'மணமானவரா?' என்றிருக்கிறது. பலகைக்கு வண்ணம் பூசுவதற்கு முன் அந்த வரியை அடித்துவிடுங்கள்.