குழந்தைகளின் சீலியாக் நோய்: கோதுமைக்கும் மரபணுவுக்கும் நடுவில் இருக்கும் பாக்டீரியா

குழந்தைக்கு வயிறு உப்புகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறவில்லை. இதற்குப் பின்னால் சீலியாக் நோய் இருக்கலாம். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடுகிறது. அலர்ஜி வேறு, இது வேறு.

இந்த நோய் வர டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வேண்டும். ஆனால் அது 100 பேரில் 30, 40 பேருக்கு இருக்கிறது, நோய் வருவதோ சுமார் ஒருவருக்குத்தான். மீதிப் பேர் எப்படித் தப்பிக்கிறார்கள்?

(திரையில் ஸ்வீடன் வரைபடம்)

1984 முதல் 1996 வரை ஸ்வீடனில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் சுமார் நான்கு மடங்கு ஏறி, அப்புறம் மளமளவென்று இறங்கியது. அவ்வளவு சீக்கிரம் ஒரு நாட்டின் மரபணு மாறாது. குழந்தை உணவில் க்ளூட்டன் கூடியதைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். ஆனால் உமேயோ நகர ஆராய்ச்சியாளர்கள் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, பலருடைய குடல் சுவரில் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நோயில்லாத குழந்தைகளிடம் அவை அநேகமாக இல்லை.

சரி, பாக்டீரியா அப்படி என்ன செய்யும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் எலிகளை வைத்துக் காட்டியது இது: நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா க்ளூட்டனை அரைகுறையாக வெட்டுகிறது, அந்தத் துண்டுகள் குடல் சுவரை எளிதில் தாண்டி எதிர்ப்பு செல்களை இன்னும் அதிகமாகக் கிளறிவிடுகின்றன. நலமாக இருப்பவர்களிடமிருந்து எடுத்த லாக்டோபாசிலஸ் என்ற பாக்டீரியாவோ அதே துண்டுகளை மேலும் நறுக்கி வீரியத்தைக் குறைக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நோயால் குடல் கெட்டுப்போனதால்தானே பாக்டீரியா மாறியிருக்கும்? இதற்காகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், வீட்டில் யாருக்காவது சீலியாக் இருக்கும் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர்கிறார்கள். 2021இல் வந்த முடிவில், பின்னாளில் நோய் வந்த குழந்தைகளின் பாக்டீரியா, நோய் தெரியும் முன்பே மாறத் தொடங்கியிருந்தது. ஒப்பிட்டது நோய் வந்த 10 குழந்தைகளையும் வராத 10 குழந்தைகளையும்தான், ஆனாலும் எனக்கு இதுதான் மிக முக்கியமான தடயமாகப் படுகிறது.

அம்மாக்களுக்கு ஒன்று. தாய்ப்பால் குறைந்ததால்தான் வந்தது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், 2014இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வில் தாய்ப்பால் கொடுத்ததற்கும் நோய் வந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை.

ப்ரோபயாடிக் பவுடர் இதைக் குணப்படுத்தும் என்பதையும் நம்ப வேண்டாம். இன்றைக்கு இருக்கும் சிகிச்சை க்ளூட்டன் இல்லாத சாப்பாடு மட்டும்தான். நம் வீட்டில் இட்லி, தோசை, சோறு எல்லாம் சரி, ஆனால் ரவை, சேமியாவோடு கூட்டுப் பெருங்காயத்தையும் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சீலியாக்கைக் கண்டறிய உதவும் டிடிஜி ரத்தப் பரிசோதனை எடுக்கும்வரை குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நோய் இருந்தும் ரிசல்ட் நார்மல் என்று வந்துவிடலாம்.