நேபாளியில் 'த' என்ற ஒற்றை எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். நேபாளி மொழியில் ஒருவரை அவமதிக்கக் கெட்ட வார்த்தை தேடவேண்டியதில்லை. 'நீ', 'நீங்கள்' போன்ற முன்னிலைச் சொல்லை ஒரு படி இறக்கினால் போதும்.

காத்மாண்டு மைக்ரோபஸ்ஸில் மீதிச் சில்லறைக்காக நடக்கும் தகராறைக் கவனியுங்கள். அண்ணன், தம்பி என்று முறை சொல்லித்தான் பேச்சு தொடங்கும். முதலில் மரியாதையான 'தபாயீ'. குரல் ஏறியதும் 'திமி'. அதற்கும் கீழே, மூக்கொலியோடு ஒரு 'த'. அது வாயிலிருந்து விழுந்ததும் சில்லறை மறந்துபோகும். "கஸ்லாயீ த பனேகோ?" யாரைப் பார்த்து 'த' என்கிறாய் என்பதுதான் அதன்பின் சண்டை.

வினைச்சொல்லும் கூடவே இறங்கும். 'வா' என்பதற்கு ஆவுனுஹோஸ், ஆவு, ஆயிஜ என்று மூன்று படிகள். இவற்றுக்கு மேலே அரச குடும்பத்துக்கென்று 'ஆயிபக்சியோஸ்'. 2008-இல் முடியாட்சி ஒழிந்த பிறகும் ஒருகாலத்தில் பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட பழைய ராணா குடும்பங்களில் இந்த வழக்கு ஒலிக்கிறது.

தாய் பிள்ளையிடமும், பால்ய நண்பர்கள் தங்களுக்குள்ளும் இதே 'த'வைத்தான் சொல்கிறார்கள். அதில் பாசம் மட்டுமே இருக்கிறது. திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் சொல்லும்போது அது வசையாகிறது. நரைத்த தலித் முதியவரை மேல்சாதிச் சிறுவன் 'த' போட்டு அழைப்பது மலைக்கிராமங்களில் நெடுங்கால வழக்கம். 1854-இல் பிரதமர் ஜங் பகதூர் ராணா காலத்து 'முலுகி ஐன்' என்ற நாட்டுச் சட்டத்தொகுப்பு சாதி வரிசையைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 1963-இல் வந்த புதிய சட்டம் அதை நீக்கியது. நாக்குகள் அவ்வளவு விரைவில் திருந்தவில்லை. வீட்டுக்குள்ளும் கணவன் மனைவியை 'திமி' என்பான், சில வீடுகளில் 'த' என்பான். அவளோ அவனை 'தபாயீ', 'ஹஜுர்' என்றே அழைக்கவேண்டும். இதைப் பண்பாடு என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்களுக்கும் ஓர் இரவு வாய்த்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தோடு ஆண்கள் பெண்வீட்டுக்குக் கிளம்பியதும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடி ரத்யௌலி ஆடுவார்கள். ஒருத்தி மாப்பிள்ளை வேடம் கட்டுவாள், இன்னொருத்தி மணப்பெண். மற்ற நாட்களில் வாய்திறந்து சொல்லக் கூசும் பச்சைச் சொற்கள் பாட்டாகக் கொட்டும். வயதான மாமியாரும் சேர்ந்து சிரிப்பார். ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூடாது. நகரங்களில் இப்போது பெண்களும் ஊர்வலத்தோடு போவதால் ரத்யௌலி அருகிவருகிறது. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் இளம் தம்பதியரில் பலர் இருவருமே 'திமி' என்று பேசிக்கொள்கிறார்கள். முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு, நான் மனமார வரவேற்கிறேன்.