ட்ரெய்லரோடு ராக்கி மலையைத் தாண்ட எந்தச் சாலை?

(திரையில்: அமெரிக்க வரைபடம். சிகாகோவில் ஒரு புள்ளி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு புள்ளி.)

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வழி கேட்டால் போனில் இருக்கும் மேப் முக்கியமாக இரண்டு கோடுகளைக் காட்டும். ஒன்று, டென்வரைத் தொட்டு ராக்கி மலைமேல் ஏறி இறங்கும் ஐ-70, அதாவது இன்டர்ஸ்டேட் 70 என்ற நெடுஞ்சாலை. இன்னொன்று, செயின்ட் லூயிஸ், ஓக்லஹோமா சிட்டி, ஆல்புகர்க்கி என்று தெற்கே வளைந்து ஐ-40-இல் வரும் வழி. இரண்டுமே ஏறத்தாழ 2,000 மைல்தான். வெறும் காரில் போகிறவருக்கு எது என்றாலும் ஒன்றுதான். பின்னால் ட்ரெய்லரை மாட்டிவிட்டால் கதை வேறு. மேப் தூரத்தையும் நேரத்தையும்தான் கணக்குப் போடுகிறது. சரிவையும் காற்றையும் நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

(திரையில்: டென்வருக்கு மேற்கே சாலை ஏறி இறங்கும் உயரக் கோடு.)

ஐ-70-இல் தொடங்குவோம். டென்வரின் உயரம் 5,280 அடி. அங்கிருந்து சுமார் 60 மைல் மேற்கே ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை. அதன் உயரம் 11,158 அடி. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். சுரங்க வாசலில் உங்களிடம் இருப்பது மூன்றில் இரண்டு பங்கு என்ஜின்தான். லாரிகளுக்குப் பின்னால் வலது ஓரத்தில் உறுமிக்கொண்டே ஊர்ந்து ஏறுவீர்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்த்தோர்ன் வரை 8 மைலில் சாலை 2,400 அடி இறங்குகிறது. செங்குத்தான இடங்களில் சரிவு 7 சதவீதம், அதாவது 100 அடி போனால் 7 அடி கீழே. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 8 மைலில் அவை இழக்கும் ஆற்றலைக் கொண்டு 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக் மீது சுமத்தினால் முதலில் கருகல் வாடை வரும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது. சாலையோரத்தில் சரளைக்கல் பரப்பிய தனிப்பாதை ஒன்று மேல்நோக்கிப் போவதைப் பார்ப்பீர்கள். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகவே அதைப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வழியில் குறைத்துக்கொள்ளலாம் என்றால் காலம் கடந்துவிடும். என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். வேகம் கூடினால் பிரேக்கைச் சில விநாடிகள் உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவதுதான் அதை எரிக்கும். கனமான ட்ரெய்லருக்குத் தனி மின் பிரேக்கும், ஓட்டுநர் அதை இயக்குவதற்கான கன்ட்ரோலரும் இல்லையென்றால் ஐ-70 நினைப்பையே விட்டுவிடுங்கள் என்பேன்.

இன்னும் இரண்டு சங்கதிகள். சுரங்கத்தில் நெரிசல் என்றால் மேப் உங்களை லவ்லேண்ட் கணவாய்க்குத் திருப்பப் பார்க்கும். அது கிட்டத்தட்ட 12,000 அடி உயரத்தில் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை. நெரிசலிலேயே நின்றுகொள்ளுங்கள். அடுத்து, யூட்டாவில் கிரீன் ரிவரைத் தாண்டினால் சலைனா வரை நூறு மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது. ட்ரெய்லர் இழுக்கும்போது மைலேஜ் பாதியாகிவிடலாம். கிரீன் ரிவரில் டாங்க் நிறைந்திருக்க வேண்டும்.

க்ளென்வுட் பள்ளத்தாக்கின் அழகுக்காகத்தான் பலரும் இந்த வழியை விடமாட்டேன் என்கிறார்கள். நியாயம்தான். அதை இன்னொரு முறை வெறும் காரில் போய்ப் பார்க்கலாம்.

(திரையில்: வயோமிங் சமவெளி. காற்றில் விறைத்து நிற்கும் காற்றுப்பை.)

வடக்கே ஐ-80 வழியாக சால்ட் லேக் சிட்டி வந்து, அங்கிருந்து ஐ-15 பிடிக்கலாம். கொஞ்சம் சுற்று. இந்தச் சாலையின் உச்சி வயோமிங்கில் உள்ள ஷெர்மன் சிகரம், 8,640 அடி. அதனால் மலை அவ்வளவு படுத்தாது, காற்று படுத்தும். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, ஆர்லிங்டன், எல்க் மவுண்டன் பகுதியில், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடுவது அங்கே சாதாரணம். உங்கள் ட்ரெய்லரும் அந்த இனம்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளு விசை நான்கு மடங்காகும். மேற்கே போகிறவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்க்காற்றும் கூட.

பக்கவாட்டில் ஒரு வீச்சு அடிக்கும்போது ட்ரெய்லரின் பின்பகுதி மீன்வால் போல ஆடத் தொடங்கும். கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். இந்த ஆட்டத்துக்கான வைத்தியம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது: ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழும்படி, கனமான சாமான்களை அச்சுக்கு முன்னால் ஏற்றுங்கள்.

(திரையில்: அரிசோனா, ஃபிளாக்ஸ்டாஃப் அருகே நேரான சாலை.)

முதல் நீண்ட பயணம் என்றால் நான் ஐ-40 என்றுதான் சொல்வேன். ஃபிளாக்ஸ்டாஃப் அருகே 7,300 அடியைச் சற்றுத் தாண்டுவதுதான் அதன் உச்சம். ஏற்றங்கள் நீளமானவை, ஆனால் பெரும்பாலும் சரிவு குறைந்தவை. டெக்ஸஸின் வடமுனையில் காற்று உண்டு. கோடையில் நீடில்ஸ் பக்கம் வெயில் டயர்களை வாட்டும். பல ட்ரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு மேல் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. வழியில் தெரியும் 75 என்ற பலகை உங்களுக்கல்ல. டயரின் பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபாருங்கள்.

(திரையில்: மூன்று கோடுகளும் ஒன்றாகச் சேரும் இடம்.)

எந்த வழியில் வந்தாலும் பார்ஸ்டோவுக்குப் பிறகு எல்லோருக்கும் ஐ-15தான். அதில் கஹோன் கணவாய்: 4,000 அடிக்கு மேலிருந்து சான் பெர்னார்டினோ நோக்கி 6 சதவீதச் சரிவு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சான்டா ஆனா என்ற பலத்த பாலைவனக் காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் பாய்கிறது. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல். வந்துவிட்டோம் என்ற நினைப்பில் கணவாயை இருட்டில் இறங்காதீர்கள். கணவாய்க்கு முன்பே விக்டர்வில்லில் இரவு தங்கி, காற்று எச்சரிக்கை இல்லை என்று பார்த்துக்கொண்டு, பகலில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.