பிள்ளைகளுக்கு எந்த உலக வரலாறு?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கான உலக வரலாற்றுப் புத்தகங்களை எவ்வளவு தூரம் நம்பலாம், அவற்றால் என்ன பயன் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். அங்கே வரும் பெற்றோர் என்னிடம் வழக்கமாகக் கேட்பது: "சார், தப்பே இல்லாத புத்தகமா ஒண்ணு சொல்லுங்க." அப்படி ஒன்று கிடையாது. ஐயாயிரம் வருடத்தை இருநூறு பக்கத்துக்குள் அடைக்கிறவர் எங்காவது சறுக்கத்தான் செய்வார். புத்தகத்தைப் புரட்டும்போது நான் தேடுவது ஒரு விஷயத்தை. சொல்லும் செய்தி எப்படித் தெரியவந்தது என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் தைரியமாக வாங்கலாம். ஓரிரு வருடக் கணக்கு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

எல்லாப் புத்தகத்திலும் வரும் சில்லறைப் பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பார்கள். தெரியாது. மனிதன் நிலவுக்குப் போவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இது அச்சில் வந்துவிட்டது என்றால், யார் பார்த்து எழுதியிருப்பார்கள்? 2003இல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றிவரும்போதே சுவர் தன் கண்ணில் படவில்லை என்றார். நெப்போலியன் குள்ளன் என்பார்கள். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது. மாற்றிக் கணக்குப் போட்டால் சுமார் 168 சென்டிமீட்டர், அன்றைக்கு அது சராசரி உயரம்தான். இதெல்லாம் பிள்ளையைக் கெடுத்துவிடாது. ஒருநாள் தானே கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்ளும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை ஒன்று உண்டு. நம் மலைக்கு ரொம்ப நெருக்கமானது.

நடுவட்டம் பக்கம் போனவர்களுக்குச் சின்கோனா மரம் தெரியும். மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்துதான் வந்தது. இந்த மரம் பற்றிப் பிள்ளைகள் புத்தகங்களில் ஓர் அழகான கதை வரும். பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, லிமா நகரில் காய்ச்சலில் படுத்தார். பட்டைச் சாறு கொடுத்தார்கள், பிழைத்தார். ஊர் திரும்பும்போது பட்டையை ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் ஏழைகளுக்குக் கொடுத்தார். 1663இல் பாடோ என்ற இத்தாலிய மருத்துவர் எழுதியது இது. 1742இல் லின்னேயஸ் மரத்துக்கே சீமாட்டியின் பெயரை வைத்துவிட்டார். 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து விதையும் கன்றும் எடுத்துவர ஏற்பாடு செய்து, நீலகிரிக்குச் சின்கோனாவைக் கொண்டுவந்த கிளமென்ட்ஸ் மார்க்கம் இருக்கிறாரே, அவர் 1874இல் சீமாட்டியைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

அப்புறம் 1941இல் ஹாக்கிஸ் என்ற ஆய்வாளர் வைஸ்ராயின் அலுவல் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். வைஸ்ராய்க்குக் காய்ச்சல் வந்தது இருக்கிறது. சீமாட்டி பட்டையால் குணமான செய்தி இல்லை. மார்க்கம் தன் புத்தகத்தில் எழுதிய சீமாட்டி, வைஸ்ராயின் முதல் மனைவி; கணவர் பெருவுக்குப் போகும் முன்பே இறந்துபோனவர். கூடப் போன இரண்டாவது மனைவி, திரும்பும் வழியில் 1641இல் தென் அமெரிக்கக் கரையிலேயே, கார்ட்டஹேனா துறைமுகத்தில் இறந்துவிட்டார். ஸ்பெயினுக்கு யார் பட்டை கொண்டுபோனது?

இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? கதையை வெட்டி எறிய வேண்டாம் என்பேன். கதையையும் சொல்லி, நாட்குறிப்பைத் திறந்து பார்த்த கதையையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாவது கதைதான் அதிகம் பிடிக்கிறது. துப்பறியும் கதைபோல அல்லவா இருக்கிறது!

பிரமிடும் அப்படித்தான். சாட்டையடி வாங்கிக்கொண்டு அடிமைகள் கல் இழுக்கும் படம் இல்லாத புத்தகம் குறைவு. 1990 முதல் கீசாவில் தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. அரசனின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே மரியாதையாகப் புதைக்கப்பட்டவர்கள். 2013இல் செங்கடல் ஓரம் வாடி அல் ஜார்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களை வைத்துத் தூரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோன அன்றாடக் கணக்கு. நம் எஸ்டேட் கணக்குப்பிள்ளை எழுதும் செக்ரோல், அதாவது ஆள் கணக்குப் பதிவு மாதிரி, நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால்! நான் பார்த்த பிள்ளைகள் புத்தகங்கள் பலவற்றில் மெரெர் இன்னும் வரவில்லை. வந்த புத்தகத்தைக் கண்டால் இரண்டு பிரதியாக வாங்குங்கள், ஒன்றை நூலகத்துக்குக் கொடுங்கள்.

சரியாக இருந்தும் உதவாத புத்தகங்கள் உண்டு. "1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம், சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர்." தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஹட்டியில், அதாவது நம் மலைக் கிராமத்தில், கிழங்கு போடுகிற வீட்டுப் பிள்ளை அடுத்து என்ன கேட்கும்? அந்தப் பஞ்சத்தைக் கொண்டுவந்த கருகல் நோய் எங்கள் காட்டிலும்தான் வருகிறது, நாங்கள் சாகவில்லையே என்று கேட்கும். நியாயமான கேள்வி. அதே நோய் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பரவியது. ஐரிஷ் ஏழைகள் மட்டும் ஏன் அந்த அளவுக்கு மடிந்தார்கள்? மூன்று வேளையும் கிழங்கையே, அதிலும் பெரும்பாலும் ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். நிலம் வேறொருவருடையது, குத்தகை கட்ட வேண்டும். பஞ்சத்தின் நடுவிலும் ஓட்ஸும் மாடுகளும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. இந்த நாலு வரி இல்லாத பக்கம் தேர்வுக்கு மட்டும்தான் ஆகும்.

வெளிநாட்டுப் புத்தகங்களை மொழிபெயர்த்துப் போடுவதில் ஐரோப்பாவே உலகமாகிவிடுகிறது என்று எல்லோரும் குறைப்படுகிறோம். உண்மைதான். நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டாமா? கடலுக்குள் போன லெமூரியாக் கண்டத்தை வரைபடத்தோடு போட்டு, உலக வரலாறு அங்கேதான் தொடங்கியது என்று எழுதும் தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் வருகின்றன. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் இனம் மடகாஸ்கரிலும் அதன் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்கக் கிளப்பிய ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அறிவியலாளர்கள் அதைக் கைவிட்டார்கள். பஃறுளியாற்றைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது என்று எழுதட்டும். பெருமைப்பட நமக்குக் கையில் சான்றே இருக்கும்போது எதற்கு இந்தக் கண்டம்? செங்கடல் ஓரத்துப் பெரெனிகே துறைமுகத்தில் ஒரு பானையில் ஏழரைக் கிலோ மிளகு தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னிந்திய மிளகு, முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைப் போடலாமே.

பழைய புத்தகங்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. நேரு 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்களில் காலத்தால் பின்தங்கிய இடங்கள் உண்டு. ஆனாலும் சீனாவும் பாரசீகமும் மத்திய ஆசியாவும் அவற்றில் கிடைக்கும் அளவுக்குப் பிற்காலப் பிள்ளைகள் புத்தகங்கள் பலவற்றில் கிடைக்காது. முதற்பதிப்பு எந்த வருடம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1974க்கு முந்தைய புத்தகத்தில் சீனத்துச் சுடுமண் படைவீரர்கள் இருக்க முடியாது. கிணறு வெட்டிய விவசாயிகள் கையில் அந்த வருடம்தான் அது கிடைத்தது. சில பதிப்பகத்தார் மறுபதிப்பு ஆண்டை மட்டும் போட்டு முதல் ஆண்டை விழுங்கிவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். படம் நன்றாக இருக்கட்டும், கதை ஓடட்டும். பத்து வயது தாண்டியதும் நாங்கள் ஒரு வேலை செய்கிறோம். சந்தேகம் வரும் பக்கத்தில் "இது எப்படித் தெரியும்?" என்று துண்டுச் சீட்டில் எழுதிச் சொருகிவைக்கச் சொல்வேன். நூலகப் புத்தகம் அல்லவா, ஓரத்தில் கிறுக்கினால் நூலகர் விடமாட்டார். அடுத்தமுறை எடுக்கும் பிள்ளை அந்தச் சீட்டுக்குப் பதில் எழுதலாம், அல்லது கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வி எழுதலாம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் சின்கோனாவிலிருந்தே தொடங்கலாம். விடுமுறையில் நடுவட்டம் வரை ஒரு பஸ் டிக்கெட்தான் செலவு.

வணக்கம்.